பிறந்த நாள் தெரியாதவர்களை அந்நியராக்கும் புதிய கம்ப்யூட்டர்

அனுப்புநர்:
சு. கோகிலா,
அட்டை துளையிடும் எழுத்தர்,
கம்போங் செட்டிப் பின்புறம்,
காஜா பெராங், மலாக்கா.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
பதிவுக் கணிப்பு நிலையம்,
மலாக்கா.

பொருள்: புதிய கம்ப்யூட்டரில் நிரல் மொழியின் பழைய பதிப்பை நிறுவி, என் தாயார் அஞ்சலை உள்ளிட்டோரின் அட்டைகளை மறுபடியும் ஓட்டக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்தில் குடியுரிமைப் பதிவு அட்டைகளில் துளையிடும் வேலை பார்க்கிறேன். என் தாயார் உஜோங் பாசிரில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். அவர் இந்த நாட்டில் பிறக்கவில்லை என்றும், மாதக் கடைசிக்குள் வேலைப் பெர்மிட் வாங்காவிட்டால் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்றும் சென்ற வாரம் கடிதம் வந்தது. அதை அச்சடித்தது நம் நிலையத்துக் கம்ப்யூட்டர்.

2. என் தாயார் இங்கேயே ஒரு தீம்பாரில், ரப்பர் தோட்டத்தில், பிறந்தவர். அங்கே பிள்ளை பிறந்தால் தேதி குறிக்கிற வழக்கம் இல்லை. கித்தா என்கிற ரப்பர் மரம் இலை உதிர்த்த சமயம், தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி மாறிப் போன வருஷம் என்றுதான் சொல்வார்கள். தேதி தெரியாதவர்களுக்கு அட்டையில் பிறந்த தேதிக் கட்டத்தை வெறுமையாக விடும்படி உத்தரவிட்டது தங்கள் நிலையமே. பழைய கம்ப்யூட்டரில் இருந்த நிரல் மொழி, வெறுமையான கட்டத்தைக் கண்டால் அந்த அட்டையை விசாரணைக்கென்று தனியே ஒதுக்கிவிடும். புதிய கம்ப்யூட்டரின் இயக்க முறைமையோடு வந்திருக்கும் புதிய பதிப்பு, அதே நிரலை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது. வெறுமையைச் சுழியமாக எடுத்துக்கொண்டு, ஆள் இங்கே பிறக்கவில்லை என்று தீர்த்துவிடுகிறது. யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

3. வயிறு எரிகிற விஷயம் இன்னொன்று உண்டு. வேறு சில தீம்பார்களில் கிராணிமார்கள் எல்லோருக்கும் ஜனவரி முதல் தேதி என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் கடிதம் போகவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களுக்குத்தான் இந்தக் கதி.

4. பழைய பதிப்பு தொலைந்து போகவில்லை. அதன் நாடாச் சுருள்கள் நம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. புதிய கம்ப்யூட்டரிலும் அதை நிறுவலாம், மேலிடத்துக் கையெழுத்து ஒன்று போதும் என்று கம்ப்யூட்டரைப் பொருத்த வந்த பொறியாளரே சொன்னார். பிரிவு மேலாளர் திரு. பொன்னுதுரை அவர்களிடம் கேட்டேன். புது வீட்டில் பழைய பாயை விரிக்கச் சொல்கிறாயா என்று சிரித்தார். அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்ததில் தவறு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, உன் அம்மாவுக்கு மட்டும் ஏதாவது ஒரு தேதியைத் துளையிட்டுக்கொள், நான் பார்க்கவில்லை என்றார். அதைப் பெரிய தயவு என்றே அவர் நினைத்தார்.

5. வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் சொன்னேன். அவர் பதிலை அப்படியே தருகிறேன்: "பொறந்த நாளு தெரியாதுன்னுதானே சொன்னேன், பொறக்கலேன்னா சொன்னேன்? நாலு பேரு முன்னால ரேகை வச்சுச் சொன்னது. இப்ப மாத்தினா அதுவும் பொய்யாப் போயிரும்." அன்று முதல் சரியாகச் சாப்பிடுவதில்லை. மெர்டேக்கா என்று நாட்டின் விடுதலையை அறிவித்த அன்று பண்டார் ஹிலிர் திடலில் என் கையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தியவர் அவர். இப்போது, கப்பலில் ஏற்றினால் எந்த ஊரில் இறக்குவார்கள், அங்கே யாரைப் போய்க் கேட்பது என்று என்னிடம் விசாரிக்கிறார். எனக்கும் தெரியவில்லை.

6. ஆகவே, பழைய பதிப்பை நிறுவத் தாங்கள் கையெழுத்திட்டு, வெறுமையான கட்டம் உள்ள எல்லா அட்டைகளையும் மறுபடி ஓட்டி, அனுப்பிய கடிதங்களைத் திரும்பப் பெறுமாறு வேண்டுகிறேன். என் தாயாருக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை. அதுவரை, அப்படிப்பட்ட அட்டை எதையும் என் மேசையிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்ப மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதற்காக என்னை வேலையை விட்டு நீக்குவதானால், நீக்கும் ஆணையில் என் பிறந்த தேதியைத் தவறாமல் குறிப்பிடுங்கள். எனக்குத் தேதி உண்டு. தமக்கு இல்லாதது மகளுக்காவது இருக்கட்டும் என்று, இடுப்பு வலியோடு தீம்பாரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து என்னைப் பெற்றவர் அவர்.

தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்,

சு. கோகிலா

இடம்: காஜா பெராங், மலாக்கா
நாள்: 17 மார்ச் 1969