கடைசிவரை சாகாத வேடம்

இன்று காலை பல்செட் வார்க்க அக்ரிலிக் திரவப் போத்தலைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் ஸ்பிரிங்வேலில் என் பட்டறை வாசலில் நீங்கள் வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்துவிட்டது. பாழாய்ப்போன நெடி. என் பிழைப்பே இதுதான், தப்பவும் வழியில்லை.

படப்பிடிப்பின் நடுவில் இரத்தக்காட்டேரியின் கோரைப்பல் உடைந்துபோய், ஒப்பனையும் கலைக்காமல் வந்திருந்தீர்கள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டர் போட்டு வீடியோ காட்டிய வீடொன்றில் திரையில் நீங்கள் சாவதை மூன்று தடவை பார்த்தவன் நான். அதைச் சொன்னதும், "எப்படிச் செத்தேன்?" என்று ஆவலாகக் கேட்டீர்கள்.

"நெஞ்சில் ஆப்பு."

"ஓ, அது நல்ல சாவு!"

ஹங்கேரியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடம் படங்களில் நடித்தீர்கள். காட்டேரி, நாஜி அதிகாரி, பைத்தியக்கார டாக்டர். உங்கள் ஆங்கிலத்தில் அந்த இழுவை இருக்கும்வரை வேறு வேடம் தரமாட்டார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். "படம் முடியும்போது உயிரோடு இருக்கும் ஒரு சாதாரண ஆள். ஒரு தடவை போதும்," என்பீர்கள். அப்போது மட்டும் சிரிக்கமாட்டீர்கள்.

எழுபத்தெட்டாவது வயதில் அது கிடைத்தது. வீட்டைவிட்டுப் போகும் மகளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுக்கும் தகப்பன். ஒரே காட்சி. மனிதப் பல் செய்து தரச் சொல்லி வந்தீர்கள். எங்கள் குசினிக் கதிரையில் இருந்து பத்து நாள் ஒத்திகை. "இண்டைக்கு ஆரையும் கடிக்கமாட்டீங்களோ அங்கிள்?" என்று என் மனைவி பகிடி விட்டால், நான் ஆங்கிலத்தில் சொல்லுமுன்பே சிரிப்பீர்கள். "போய் வா மகளே, நான் இங்கேதான் இருப்பேன்" என்ற கடைசி வசனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தோடம்பழம் தின்று தின்று அலுத்தும்போனோம்.

படம் வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். முதல் காட்சிக்கு உங்களுக்கு வந்த அழைப்பிதழை என்னிடம் தந்து, "எனக்காகப் பார்த்துவிட்டு வா," என்றீர்கள்.

பார்த்தேன். பழம் உரிக்கும் இரண்டு கைகள் வந்தன. மகள் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். முகம் இல்லை, குரல் இல்லை. கடைசியில் ஓடிய பெயர்களில் மட்டும் இருந்தீர்கள்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் உங்கள் கட்டிலருகே இருந்து, "எல்லோரும் அழுதார்கள்," என்றேன்.

"எந்த இடத்தில்?"

"கடைசி வசனத்தில். நான் இங்கேதான் இருப்பேன் என்றீர்களே, அங்கே."

"அந்த வசனம் வேண்டாம் என்று இயக்குநர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் அதைப் பேசவே இல்லை." குரலில் கோபம் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். "நாளைக்கு வருகிறேன்," என்றேன். நீங்கள் திரும்பவில்லை.

நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

"நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள், விடுங்கோ," என்கிறாள் மனைவி. பொய்யை நீங்கள் மன்னித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அந்த இரண்டு நாளும் உங்களைத் தனியே விட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை.