பலகையில் இல்லாத பெயர்

12.8.2003, செவ்வாய்

மோட்டாரில் செம்புக் கம்பி இரும்பில் உரசி எரியாமல் இருக்க, இடையில் வைக்கும் காகிதத்தின் ஓரத்தை மடிக்கலாம் என்று எழுதி, கம்பெனியின் யோசனைப் பெட்டியில் போட்டவள் நான். இன்று அறிவிப்புப் பலகையில் அந்த யோசனைக்குக் கீழே சூப்பர்வைசரின் பெயர். கேட்டதற்குச் சிரித்தார்.

"நீ கல்யாணம் கட்டிகினு பூடுவே. ஒனக்கு இன்னாத்துக்கும்மா பேரு?"

பக்கத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த செல்வி விடவில்லை. "நீங்க ரிட்டயர் ஆனா ஒங்க பேர அழிச்சிருவாவளா சார்?"

அமெரிக்காவில் மின்மோட்டாருக்கு முதல் காப்புரிமை வாங்கிய கொல்லரின் மனைவி, கம்பிக்கு உறை சுற்றத் தன் கல்யாணப் பட்டு உடையையே கிழித்துக் கொடுத்தாளாம். காப்புரிமையில் அவள் பெயர் இல்லை.

ஆத்திரத்தில் மேனேஜருக்குப் புகார் எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. காகிதத்தை முதலில் மடித்துக் காட்டியது செல்வி. புகாரில் என் பெயர் மட்டும் இருக்கிறது. பெட்டியில் போட்ட தாளிலும் அப்படித்தான்.