தாங்கிக்கு நோன்பு

பாலாவி

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி? வாப்பா ஒழுங்காக மருந்து குடிக்கிறாரா? நான் சுகம்.

இங்கே தேங்காய்த்தூள் மில்லில், மிச்சச் சோற்றோடு கொஞ்சம் தேங்காய்க் கழிவையும் மூடிய வாயுத் தாங்கியில் போட்டு, அதில் வரும் வாயுவில்தான் எங்களுக்குச் சமையல். நோன்பு வந்ததும் மதியச் சோறு நின்றது. தாங்கி பட்டினி கிடக்குமே என்று நான் தேங்காய்க் கழிவை அள்ளி அள்ளிப் போட்டேன். எண்ணெய் கூடி உள்ளே எல்லாம் புளித்துவிட்டது. கஞ்சி காய்ச்சும் நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. எல்லோரும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை உம்மா. ஏசியிருக்கலாம்.

இனிக் கொஞ்ச நாளைக்குத் தாங்கிக்கு ஒன்றும் போடக்கூடாதாம். நான் அவர்களோடு பாயில் உட்காருவதில்லை. தாங்கியடியில் தனியாக நோன்பு திறக்கிறேன். முடிந்தால் தேசிக்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள்.

நேற்று சமைக்கிற மர்ளியா ராத்தா, புகையில் சிவந்த கண்ணோடு, விறகில் காய்ச்சிய கஞ்சியைக் கொண்டுவந்தா.

"தாங்கிக்குத்தான் தம்பி நோன்பு. நீங்க நோன்பத் துறங்க" என்றா.

கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலே குடித்தேன்.

அடுப்படியில் அவ விறகு கொத்துகிற சத்தம் கேட்கிறது. அது என் வேலை உம்மா, ஓடுகிறேன்.

மகன்
நஸ்மீர்