கடல் சரியில்லை என்று எழுதினீர்கள்

புந்தோங், ஈப்போ
18.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை புனிதா எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் விமலா அண்ணியும் நலம்தானே? இந்தக் காலத்தில் போய் தபாலா என்று சிரிக்காதீர்கள். என் போனை அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார். அவருக்குத் தெரியாமல் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்.

ஏப்ரல் இருபதாம் தேதி அவருக்கு ஐம்பது வயது. சனிக்கிழமை. அன்றைக்கு உங்கள் படகை எங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அவர், நான், தினேஸ்வரி, மூன்றே பேர். மகள் தைப்பிங் காலேஜில் இப்போதே லீவு சொல்லிவிட்டாள்.

மாதம் இரண்டு சனிக்கிழமை உங்களோடு தூண்டில் போட வருகிறவர், என்னை ஒருநாளும் கூட்டி வந்ததில்லை. "பொம்பளைங்களுக்கு அதெல்லாம் சரிப்படாதுலா, வாந்தி எடுத்துக் கெடப்பே" என்பார். நீங்களும் நானும் ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். நீங்கள் எப்படியோ கடலுக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். நான் இன்னும் படகில் கால் வைக்கவில்லை. அவர் ஐஸ்பெட்டியில் கொண்டுவருகிற மீனுக்குச் செதில் எடுத்து எடுத்தே என் காலம் போகிறது. அது துள்ளுவதை ஒரு தடவையாவது பார்க்கிறேனே.

ஜாராக் தீவுப் பக்கம்தான் பெரிய மீன் என்கிறார். அந்த மாதம் கடல் எப்படி இருக்கும்? எது கடிக்கும்? விவரமாக எழுதுங்கள். அவரிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.

அன்புத் தங்கை,
புனிதா


லுமுட்
1.3.2024

அன்புத் தங்கச்சி புனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அண்ணிக்குத்தான் முட்டி வலி.

நீ ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாய். ஆனால் இந்த வருஷம் கடல் சரியில்லை. வடக்குக் காற்று இன்னும் விட்டபாடில்லை. ஜாராக் என்றால் கரையிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம், நடுவில் ஒதுங்க இடமில்லை. போன வாரம் சீனக் கஸ்டமர்கள் நாலு பேரை ஏற்றிப் போனேன். அலை தாங்காமல் பாதி வழியில் திரும்பினோம். தெங்கிரி மீன் வந்து நிற்கவே இல்லை. கிடைத்ததெல்லாம் பூனைக்குப் போடுகிற குஞ்சு மீன். ஏப்ரல் இருபது சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம். நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் ஈயக்குண்டு தரையில் நிற்காது.

வீட்டிலேயே கேக் வெட்டுங்கள். நானும் அண்ணியும் வருகிறோம். கடல் எங்கே போய்விடப் போகிறது?

அன்பு அண்ணன்,
அர்ச்சுனன்


புந்தோங்
12.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அலை, காற்று, மீன் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை போனவர் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் படகிலிருந்து வந்தார். ஐஸ்பெட்டியில் ஒரு தெங்கிரி, இரண்டு கெராப்பு. "ஜாராக் வரைக்கும் போனோம். கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு" என்றார். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, அவ்வளவு சந்தோஷம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. நான் படகில் ஏறுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அண்ணி ஏதாவது சொன்னார்களா? பொம்பளை ஏறினால் மீன் கடிக்காது என்று கஸ்டமர்கள் பேசுவார்களா? எதுவாக இருந்தாலும் என்னிடம் நேராகவே சொல்லலாம். ஜாராக் வேண்டாம் என்றால் ஆற்று முகத்துவாரத்தில், சதுப்பு மரங்களின் ஓரமாக சியாக்காப் மீன் பிடிக்கக் கூட்டிப் போங்கள். அங்கே அலை கிடையாது என்று நீங்களே ஒரு தீபாவளிக்குச் சொன்னீர்கள்.

புனிதா


லுமுட்
19.3.2024

தங்கச்சிக்கு,

ஏன் இப்படியெல்லாம் யோசிக்கிறாய்? அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கடல் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. மச்சான் வந்த அன்றைக்கு அதிர்ஷ்டத்தில் காற்று விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

முகத்துவாரமும் வேண்டாம். ஏப்ரலில் சாயங்கால மழை பிடித்துக்கொள்ளும், ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் தேத்தாரே டீ நிறத்துக்கு மாறினால் சியாக்காப் உயிர் இறாலைக்கூடத் தொடாது. கொசு வேறு.

மச்சானிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. பிறந்தநாள் விஷயம் வெளியே வந்துவிடும். நீயும் இங்கே திடீரென்று வந்து நிற்காதே. படகு ஜெட்டி கண்ட கண்ட ஆட்கள் நடமாடுகிற இடம். நான் சொல்வதைக் கேள்.

அண்ணன்


புந்தோங்
1.4.2024

அண்ணனுக்கு,

திடீரென்று வந்து நிற்காதே என்று எழுதினீர்கள். அதுவரைக்கும் எனக்கு அந்த எண்ணமே இல்லை.

சனிக்கிழமை அவர் விடியுமுன் தூண்டில்களோடு காரில் கிளம்பினார். நான் பஸ் ஏறி லுமுட் வந்தேன். உங்கள் படகு கடலில் இருந்தது. ஜெட்டிக்கு எதிரே தூண்டில் சாமான் விற்கிற கடையில் நிழலுக்கு ஒதுங்கினேன். கடைக்காரப் பெண் சரளா, நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"கடல் மோசமாமே?" என்று கேட்டேன்.

"யாரு அக்கா சொன்னா? இப்பதான் சீசன்லா. தண்ணி எண்ணெய் மாதிரி கெடக்கு. மே மாசம் சுமத்ரா காத்து வந்தாத்தான் தொல்லை. படகெல்லாம் ஃபுல் புக்கிங்" என்றாள்.

நான் அர்ச்சுனன் அண்ணனுடைய தங்கச்சி என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அண்ணனுக்கு ரெண்டு தங்கச்சியா? ஷர்மினி அக்காவைத்தானே எனக்குத் தெரியும். சித்தியவான்ல இருக்காங்களே. புருஷனோட வருவாங்க. 'என் தங்கச்சி, மச்சான்'னு அண்ணேதான் சொன்னாரு."

சுவரைக் காட்டினாள். பெரிய மீன் பிடித்தவர்களின் படங்களை அங்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் படகில் எடுத்தது. நடுவில் தொப்பி போட்ட ஒரு பெண், இரண்டு கையாலும் ஒரு தெங்கிரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் தோளில் கை போட்டபடி என் புருஷன். பின்னால் வாலைத் தாங்கிக்கொண்டு நீங்கள். என் கல்யாணத்தில்கூட நீங்கள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"பன்னெண்டு கிலோ. அவங்களே இழுத்தாங்கக்கா, யாரையும் தொட விடல" என்றாள் சரளா. தைப்பூசம் முடிந்த வாரமாம். அந்த வாரம் என் வீட்டுக்குப் பாதித் தெங்கிரி வந்தது. மீதியைப் படகில் வந்தவர்களுக்குப் பங்கு போட்டதாகச் சொன்னார். நான் குழம்பு வைத்து, உங்களுக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருந்தது என்று போன் செய்தீர்கள்.

படகு திரும்புகிற வரைக்கும் நான் நிற்கவில்லை. மூன்று பேரும் ஒன்றாக இறங்கி வருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவர் செய்ததை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவளைக் கூட்டாளியின் மனைவி என்று சொல்லியிருக்கலாம். கஸ்டமர் என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சி என்று ஏன் சொன்னீர்கள்?

புனிதா


லுமுட்
8.4.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் கோபப்படவில்லை.

மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உன்னிடம் சொல்லியிருந்தால் உன் வீடு அன்றைக்கே உடைந்திருக்கும். தினேஸ்வரி அப்போது ஸ்கூலில் இருந்தாள். சொல்லாததால் இத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாய். நீ பேசாமல் இருந்திருந்தால் இதுவும் தானாக ஓய்ந்திருக்கும். ஆம்பளைகளுக்கு வருவது, போவது.

என் நிலைமையையும் பார். மச்சான் வேலை செய்கிற ஃபேக்டரியிலிருந்து ஆள் கூட்டி வருவதால்தான் என் படகு ஓடுகிறது. சுமத்ரா காற்று மாதங்களில் படகு ஓட்டுகிற எந்த தெக்கோங்கும் படகைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு மட்டும் அப்போதும் ஆள் வரும். அவரைப் பகைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

தங்கச்சி என்று சொன்னது உன் மரியாதைக்காகத்தான். அர்ச்சுனன் மச்சான் வேறு எவளோடோ சுற்றுகிறான் என்று ஜெட்டியில் பேசினால் அது உனக்குத்தானே அசிங்கம்? இதை நீ யோசிக்கவில்லை.

சரி, போனது போகட்டும். இருபதாம் தேதி வா. நான் காசு வாங்கமாட்டேன். காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. கடல் நன்றாக இருக்கிறது. ஜாராக் பக்கம் தெங்கிரி கூட்டமாக நிற்கிறது. மச்சானையும் கூட்டிக்கொண்டு வா, படகில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசித் தீர்ப்போம்.

உன் அண்ணன்,
அர்ச்சுனன்


புந்தோங்
22.4.2024

அர்ச்சுனன் அவர்களுக்கு,

அவர் வீட்டில்தான் இருக்கிறார். சாப்பாடு போடுகிறேன், பேசுவதில்லை. அவரை என்ன செய்வதென்று தினேஸ்வரியும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களைப் பற்றி முடிவு செய்துவிட்டேன். அவர் எனக்குக் கல்யாணத்தில் கிடைத்தவர். நீங்கள் என்னோடு பிறந்தவர். எஸ்டேட்டில் யாராவது என்னை அடித்தால் ஓடிவந்து முன்னால் நிற்பவர். அவரிடம் ஏமாந்ததை ஒருநாள் சொல்லி அழ முடியும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

என் மரியாதைக்காக என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இருபதாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போனோம். பங்கோரிலிருந்து, ஒரு மலாய்க்கார தெக்கோங்கின் படகு. வயதானவர், அதிகம் பேசவில்லை. நீரோட்டம் பலமாகத்தான் இருந்தது. அதில் மட்டும் நீங்கள் பொய் சொல்லவில்லை. ஈயக்குண்டு நிற்காமல் இழுத்துக்கொண்டு போயிற்று. பெரியவர் படகை ஜாராக் தீவுக்குப் பின்புறம் ஒதுக்கினார். அங்கே மகளுக்கு ஒரு கெராப்பு. எனக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. வாந்தியும் வரவில்லை.

மத்தியானம் தூரத்தில் உங்கள் படகு வந்தது. எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தீர்கள். எழுந்து நின்று கையை ஆட்டினீர்கள். "புனிதா" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்தது. பெரியவர் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரிந்தவரா, பக்கத்தில் போகட்டுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் எஞ்சினைப் போட்டுப் படகைத் திருப்பினார்.

புனிதா