பொறுமைக்கு நன்றி

லோகேஷ்,

நீ அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பிய நம் ஆய்வுக் கட்டுரையை இன்று மத்தியானம் படித்தேன். நான் பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் வந்த மூன்றே மாதத்தில் எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், "என் மனைவியின் பொறுமைக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறாய்.

நம் கணினி மாதிரியில் கேலக்சிகள் எல்லாம் அளவுக்கு மீறிப் பெருத்தபோது, ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் கருந்துளை வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளும் கணக்கைத் திருத்தியது யார்? எட்டு மாத வயிற்றோடு பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினேன். அது பொறுமை இல்லை, வேலை.

போனில் கேட்டதற்கு, "நீ ரெஸ்ட்ல இருக்கியேமா, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டேன்" என்றாய். அப்பா தறியை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ள என்னம்மா சொல்லிக்கினு இருக்காரு?" என்றார். சிக்னல் சரியில்லை என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

நான் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் தேதியோடு என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் கேட்பார்கள், நீ பதில் சொல்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாய். வந்து மகளைப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போ. அவளைத் தூக்கும்போது கழுத்தைத் தாங்கிப் பிடி. இன்னும் தலை நிற்கவில்லை.

பாப்பாவின் அம்மா