பீச்சேவாலா வண்டி வாங்கினான்

இதை எழுதும் மேஜைக்கு அடியில் ஒரு ஸ்கூட்டரின் பின் சீட்டு கிடக்கிறது. புத்தம் புதியது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. ஆனாலும் ரெக்ஸின் வாசனை அறையை விட்டுப் போகவில்லை. அந்த வாசனையில்தான் நீ வந்தாய்.

முதலில் ஒன்று. உயிரோடு இருந்தவரை உன்னை "நீங்கள்" என்றுதான் அழைத்தேன். நீ என்னைவிட இளையவன், அலுவலகத்திலும் எனக்குப் பின் சேர்ந்தவன். என்றாலும் உன் குரலுக்கு முன்னால் என் வாயில் அதுதான் வந்தது. இப்போது நீ எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய். உனக்கு "நீ" போதும். இந்த வரியை அடித்துவிடலாமா என்று சற்று நேரம் யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

டெலானிபூரில் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் தினமும் காலையில் உன் ஹாரன் இரண்டு முறை கத்தும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வரவேண்டும். "ஏறும்வே பீச்சேவாலா!" என்பாய். தூத்துக்குடித் தமிழும் இந்தத் தீவு இந்தியும் உன் வாயில் ஒன்றாகவே புரளும். பீச்சேவாலா, பின்னால் இருக்கிறவன். நீ விளையாட்டாக வைத்த பெயர் ஒரே மழைக்காலத்தில் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. வங்காளிகளும் தெலுங்கர்களும் அதையே என் உண்மைப் பெயர் என்று நினைத்தார்கள். பணி ஓய்வு நாளில் மாலை போட்ட அதிகாரிகூட மேடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

இளவயதில் ஒருமுறை நானும் வண்டி வாங்கக் கிளம்பினேன். கூட வருகிறேன் என்று நீயும் வந்தாய். எந்த வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்று நான் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீ குறுக்கே வந்தாய். "இவருக்கு வண்டி எதுக்குவே? ஒரு நல்ல குடையாப் பார்த்துக் குடுங்க, போதும்." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையிலேயே ஒரு குடை வாங்கிக்கொண்டு உன் பின்னால் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன்.

அதையெல்லாம் மறந்திருப்பேன். நான் பழிவாங்கும் சுபாவம் உள்ளவன் அல்ல என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். கப்பல் விஷயம் மட்டும் வேறு.

அம்மாவுக்கு முடியவில்லை என்று பரமக்குடியிலிருந்து தந்தி வந்திருந்தது. அன்று மெயின்லேண்டுக்குக் கப்பல் இருந்தது. ஓடியாடி டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். கப்பல் நிற்கும் ஹாடோ துறை, நம் குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரம்தான். நடந்தே போய்விடுகிறேன் என்றேன். "பையைத் தூக்கிட்டு நடப்பீரா? நான் எதுக்கு இருக்கேன்? உட்காரும்" என்றாய். உட்கார்ந்தேன். ஆனால் நீ ஹாடோவுக்குத் திரும்பவில்லை. ஜங்லிகாட்டுக்கு இறங்கினாய். அங்கே சீலா மீன் வந்திருக்கிறதாம். மீன்காரரிடம் பேரம் பேசினாய். பேரம் முடிந்து ஊர்க்கதை ஆரம்பித்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு வண்டியில் இருந்தபடியே, "நேரமாகுதுங்க" என்றேன். மறுபடியும் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜஹாஸ் கபி டைம் பே நஹி ஜாதா! கப்பல் என்னிக்குவே நேரத்துக்குக் கிளம்பியிருக்கு?"

மீன்காரரும் ஆமோதித்தார். இந்தத் தீவில் வளர்ந்த குழந்தைக்கும் தெரிந்த உண்மை அது. அன்று வரை நானும் அதை நம்பியவன்தான்.

அன்று கப்பல் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. நாம் துறைக்குப் போனபோது ஏணியை எடுத்துவிட்டார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. "இன்னைக்குன்னு பார்த்துப் போயிருச்சே!" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். உன் ஹாண்டிலில் மீன் பை ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கப்பலில் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குக் காரியமே முடிந்திருந்தது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிப்பார்த்த சமாதானம் இது. ஆனால் நான் மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பிய அன்று, கேண்டீனில் எல்லோருக்கும் முன்னால் நீ சொன்னாயே: "கப்பல்ல பீச்சேவாலாவுக்குப் பின் சீட்டு கிடைக்கல. அதான் ஏற மாட்டேன்னுட்டாரு!" அதை வேண்டுமென்றுதான் சொன்னாய். மறுநாள் காலையும் உன் ஹாரன் கத்தியது. நானும் வந்து ஏறினேன்.

இப்போது கரச்சரமாவில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பேருந்தை நம்பிப் போய் அடிக்கடி தாமதமானது. "தாத்தா வரட்டும்னு பிள்ளைங்க கதவு முன்னால உட்கார்ந்திருக்காங்க. நேரத்துக்கு வர முடியலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும் சார்" என்றார் தலைமையாசிரியை. எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் புத்தகங்கள்தான். அதனால் ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்க முடிவு செய்தேன். பயத்தோடுதான் செய்தேன். ஞாயிறுகளில் பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். இரண்டு முறை விழுந்தேன். நல்லவேளை, பார்க்க நீ இல்லை.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவசரமில்லாமல் செய்தேன். போகிற வழியை ஒருநாள் முழுக்க நடந்து, எங்கே ஏற்றம், எங்கே மழைத்தண்ணீர் தேங்கும் என்று பார்த்தேன். உப்புக்காற்றில் எது சீக்கிரம் துருப்பிடிக்கிறது, எதற்கு உதிரிபாகம் கேட்டால் "மெயின்லேண்டிலிருந்து வரணும்" என்று கைவிரிக்கிறார்கள் என்று மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும். விழுந்தால் நானே தூக்கி நிறுத்த வேண்டும். கடைசியில் மிஞ்சியது ஒரே வண்டி. கடையில் இருந்த இளைஞருக்கு அது பிடிக்கவில்லை.

"இது லைட் வண்டி அங்கிள். பீச்சே ஒரு ஆளை ஏத்துனா டெலானிபூர் ஏத்தத்துல மூச்சு வாங்கும்."

"எனக்கு அதுதான் வேணும்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். முன்னும் பின்னும் சீட்டு தனித்தனியாக இருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு கேரியர் மாட்டச் சொன்னேன்.

"ஆன்ட்டி எங்க உட்காருவாங்க?"

"ஆன்ட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க தம்பி."

"சாரி அங்கிள். ஃப்ரெண்ட்ஸ் யாராவது?"

"இருந்தான் ஒருத்தன். அவனுக்காகத்தான் கழட்டச் சொல்றேன்."

போன வாரம் ஜங்லிகாட்டில் உன் மனைவி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கைகாட்டினாள். நிறுத்தினேன்.

"நீங்களா ஓட்டுறீய அண்ணே? அவுக இருந்தா நம்பியே இருக்க மாட்டாக. அப்படியே என்னையும் மாதா கோயில் பக்கம் இறக்கி விட்டுருங்க."

"பின்னால சீட்டு இல்லம்மா. கழட்டிட்டேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். உன்மேல் உள்ள கோபம் அவள்மேல் போய் விழுந்துவிட்டதே என்று கூசினேன். அவள் கேரியரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"நல்ல காரியம் பண்ணுனீய. ஞாயித்துக்கிழமதோறும் நானும் அவுக பின் சீட்டுக் கம்பியத்தான பிடிச்சிட்டு உக்காந்தேன். கோயில் பூசைக்கு ஒருநாளாச்சும் நேரத்துக்குப் போயிருப்போமா?"

உன்மேல் கணக்கு வைத்திருந்தது நான் மட்டும் இல்லை என்று அன்று தெரிந்தது. உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இன்னும் ஏற்றத்தில் பயம் வந்தால் என் இடது கை ஹாண்டிலை விட்டுப் பின்னால் போகப் பார்க்கிறது, இல்லாத கம்பியைத் தேடி. அந்தப் பழக்கத்தை நீ எனக்குள் விட்டுப் போயிருக்கிறாய். அது போகும் என்று தோன்றவில்லை. கேரியரில் ஒரு பழைய ரெக்ஸின் பையைக் கட்டியிருக்கிறேன். அன்று மடியில் வைத்திருந்த அதே பை. இப்போது அதில் என் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் போகின்றன.

தினமும் போகும் வழியில்தான் உன் கல்லறைத் தோட்டம். சுவரோரம் வண்டியை நிறுத்தி, உன்னைப் போலவே ஹாரனை இரண்டு முறை அடிக்கிறேன். தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடி வர ஒருவனுக்கு வேண்டிய நேரம் காத்திருக்கிறேன். நீ வருவதில்லை.

நான் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறேன்.