செல்வத்துக்கு ஒரு பிரஷர் மெஷின்

2006 ஒக்டோபர் 2, திங்கள்

பின்னேரம் ஒரே மழை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மனைவி செல்வத்துக்கு பிரஷர் 170/98. போன மாதமும் ஏறக்குறைய அதே. டாக்டர் ஐயா இரண்டாவது குளிசை எழுதப் போனார். முதல் குளிசைக்கே தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

எஹலியகொடையில் மகளுக்கு இந்த மாதக் கடைசியில் தலைப்பிரசவம். “இந்த பிரஷரோட ரெண்டு பஸ் மாறிப் போகக் கூடாது” என்றார் ஐயா. கெஞ்சியதில் ஒரு வாரத் தவணை. வீட்டில் அளந்து எழுதிக் காட்ட வேண்டும்.

பழைய சேலையில் தைத்த பிள்ளைத் துணி பன்னிரண்டு, பெட்டியில் மடித்தபடி. இன்று திரும்ப எடுத்து மடித்தாள்.

ஒக். 3, செவ்வாய்

பலாங்கொடை. தெரிந்த முஸ்லிம் நானாவின் மருந்துக்கடை. மூன்று வகை:

– பாதரசம். காதில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும். என் காது சரிவராது.
– மணிக்கட்டில் கட்டுவது. அழகானது. கை நெஞ்சு உயரத்தில் அசையாமல் இருக்க வேண்டும். செ. பேசும்போது கை சும்மா இருக்காது.
– மேல்கையில் கட்டுவது. தானே காற்றடிக்கும். எண் பெரிது.

செ.யின் மேல்கையை அளந்து போயிருந்தேன்: 33 செ.மீ. முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. மெஷினோடு வரும் பட்டி 32 வரைதான்.

“பெரிய பட்டியும் ஈக்கி சேர். சின்னதக் கட்டினா கூட்டிக் காட்டும். ஆனா கையளவு எடுத்துக்கொண்டு வந்த மொத ஆள் நீங்கதான். சட்டை தைக்கவா?”

மூன்றாவது வகை, பெரிய பட்டியோடு. சரிவராவிட்டால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவார்.

ஒக். 4, புதன்

கா. 6.40. கையேட்டில் உள்ளபடி: ஐந்து நிமிடம் சாய்ந்திருத்தல், கை மேசையில், பேச்சு இல்லை. அவள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தது கல்யாணத்துக்குப் பின் இதுவே முதல்.

146/86. மறுபடி 144/86.

“அப்போ நல்லாயிட்டேனா?”

“மெஷின் பிழையா இருக்கலாம்.”

“நல்லது சொன்னா மட்டும் நம்ப மாட்டீங்க. பேப்பர்காரப் புத்தி.”

ஒக். 7, சனி

நான்கு நாளும் 150க்குள். டிஸ்பென்சரிக்கும் வீட்டுக்கும் 25 வித்தியாசம். இரண்டு சாட்சி முரண்பட்டால் நான் பேப்பருக்குச் செய்தி அனுப்புவதில்லை. நானாவிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்றேன். செ. மெஷினை அலுமாரியில் சேலைக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஒக். 9, திங்கள்

வெயில். மெஷினோடு டிஸ்பென்சரி. முதலில் என் கை. ஐயாவின் பாதரசத்தில் 138/84. எங்களுடையதில் 136/84. ஆக, மெஷின் பொய் சொல்லவில்லை.

பிறகு செ. பாதரசத்தில் 168/96. காலையில் வீட்டில் 142.

அப்போதுதான் பார்த்தேன். நான் நாற்காலியில். அவள் நின்றுகொண்டு, கையைத் தொங்கவிட்டபடி. எண்பத்திரண்டு படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். ஐயாமார் முன்னால் கொழுந்துக்காரப் பெண்கள் உட்காருவதில்லை. யாரும் உட்காரச் சொன்னதுமில்லை. இருபத்தாறு வருடம் தோட்டச் செய்தி எழுதியவன், பக்கத்திலேயே இருந்தும் காணவில்லை.

எழுந்து நாற்காலியைத் தள்ளினேன்.

“வேணாங்க. ஐயா இருக்காரு.”

“ஒக்காரும்மா” என்றார் ஐயா, பட்டியைப் பார்த்தபடி.

விளிம்பில் உட்கார்ந்தாள்.

“நல்லா சாஞ்சு.”

சாய்ந்தாள். ஐந்து நிமிடம் மூவரும் மௌனம். கை மேசையில்.

146/88.

இரண்டாவது குளிசை இல்லை. “போயிட்டு வாங்க. மெஷினையும் கொண்டு போங்க.”

வெளியே வந்ததும் செ.: “மெத்துனு இருக்குங்க அந்த நாக்காலி. இத்தன வருசமா நீங்க மட்டும் ஒக்காந்திருக்கீங்க.”

ஒக். 12, வியாழன்

கா. 9.20. எஹலியகொடை பஸ். செ. மடியில் மெஷின், காலடியில் பிள்ளைத் துணி. ஜன்னலோரம். பக்கத்துப் பெண்ணிடம் பேச்சு தொடங்கிவிட்டது.

எழுத்து கோணல். சீட் ஒன்றுதான் கிடைத்தது.